பைக்குக் காவல் போதும், படியேறுவோம் வாருங்கள்!

பரீட்சை முடிந்து லீவு விட்டாயிற்று என்றால் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். ‘இந்த வருஷம் எங்கே போகலாம்?’ பிள்ளைகள் ஊட்டி என்பார்கள், கொடைக்கானல் என்பார்கள். வீட்டுக்காரர் வேன் வாடகை, லாட்ஜ் வாடகை என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்பார். அடுத்த வருஷமும் அதே கதைதான். கடைசியில் தாய் வீட்டுக்கு நாலு நாள் போய்விட்டு வருவதோடு லீவு தீர்ந்து போகும்.

சகோதரிகளே, நான் ஒன்று கேட்கிறேன். நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் என்னென்ன இருக்கிறது என்று நமக்கு முழுசாகத் தெரியுமா? தூரத்து மலையைப் பார்க்கக் காசு சேர்க்கிறோம். வாசலில் நின்றால் தெரிகிற மலைக்கு ஒரு நாள் ஒதுக்க மாட்டேன் என்கிறோம். ‘உள்ளூர் மாடு விலை போகாது’ என்று சும்மாவா சொன்னார்கள்!

இன்னொன்றையும் கேட்கிறேன். குடும்பத்தோடு எங்கே போனாலும் கூட்டத்தில் ஒருவர் கீழேயே உட்கார்ந்துவிடுவார், கவனித்திருக்கிறீர்களா? மடியில் சாப்பாட்டுப் பை, பக்கத்தில் வாட்டர் பாட்டில், சுற்றிலும் பத்து ஜோடி செருப்பு. ‘நீங்க எல்லாம் போய்ட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கறேன்’ என்று சொல்லும் அந்த ஒருவர் யார்? நூற்றுக்குத் தொண்ணூறு, அது அந்த வீட்டு மருமகள்தான். இல்லாவிட்டால் மாமியார். இந்த இரண்டு விஷயத்தையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருத்தணியில் பார்க்காத கோயில்

எங்கள் கே.ஜி.கண்டிகை, திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகிற ரோட்டில் இருக்கிறது. இந்தப் பக்கம் வீட்டுக்குள் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவோம். காரணம் இருக்கிறது. திருத்தணி ஒரு காலத்தில் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கு எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஏப்ரல் 1 என்றால் முட்டாள்கள் தினம் என்று குதிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். ‘அப்போ நாம ஆந்திராவா இருந்திருப்போமா!’ என்று வாயைப் பிளக்கும்.

திருத்தணி மலைக்குப் போகாதவர்கள் இந்தப் பக்கம் கிடையாது. முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவது இது. மொத்தம் 365 படி, வருஷத்தில் நாளுக்கு ஒன்று என்று கணக்குச் சொல்வார்கள். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி வரிசையைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா நடக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் புது வருஷத்தன்று துரைமாரைப் பார்த்து எலுமிச்சம் பழம் கொடுத்துவிட்டு வருவார்களாம். ‘துரைக்கெல்லாம் துரை மலை மேலே இருக்கிறான், முதலில் அவனைப் போய்ப் பாருங்கள்’ என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் சொல்லி ஆரம்பித்து வைத்த திருவிழா அது. படிக்குப் படி சூடம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள்.

இன்றைக்கு மலை மேலேயே வண்டி போகிறது. நாமும் வண்டியில் போய் இறங்கி, கும்பிட்டு, பிரசாதம் வாங்கி, அதே வண்டியில் இறங்கி வந்துவிடுகிறோம். ஒரே ஒரு தரம் படி வழியாக ஏறிப் பாருங்கள். விடியற்காலை ஐந்தரை, ஆறு மணிக்கு, கல் சுடுவதற்குள். பாதிப் படியில் நின்று திரும்பினால் ஊர் முழுக்க கண்ணுக்குக் கீழே கிடக்கும். முத்துசுவாமி தீட்சிதர் தன் முதல் கீர்த்தனையைப் பாடியது இந்தத் திருத்தணியில்தான். முருகனே கிழவராக வந்து அவர் வாயில் கற்கண்டு போட்டார் என்று சொல்வார்கள். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்ததும் இந்த ஊர்ப் பக்கம்தான். பிள்ளைகள் ஸ்கூலில் ஆசிரியர் தினத்துக்குப் பூ வாங்கிக் கொண்டு போகிறார்களே, அது நம்ம ஊர்க்காரர் பிறந்த நாள் என்று எத்தனை பிள்ளைக்குத் தெரியும்?

இதையெல்லாம் விட எனக்கு ஆச்சரியமான இடம் கீழே இருக்கிறது. நந்தி ஆற்றங்கரையில் வீரட்டானேசுவரர் கோயில் என்று சின்னக் கற்கோயில். மலைக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. பல்லவ ராஜா அபராஜிதவர்மன் காலத்தது, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பின்பக்கம் போய் நின்று பாருங்கள், யானை படுத்துத் தூங்கும்போது அதன் முதுகு தெரியுமே, அந்த மாதிரி வளைவாக இருக்கும். ‘தூங்கானை மாடம்’ என்று அதற்குப் பெயர். இன்னொரு அதிசயம், இந்தக் கோயிலைக் கல்லில் கட்டிய நம்பி அப்பி என்பவரைப் புகழ்ந்து அந்த ராஜாவே ஒரு தமிழ் வெண்பா பாடியிருக்கிறார், அதுவும் கல்வெட்டிலேயே இருக்கிறது. கோயில் கட்டியவரை ராஜா புகழ்ந்து பாடுவதா? புகழும் பாட்டு என்றால் ராஜாவைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்துக் கொண்டிருந்த எனக்கு இது புதுசாக இருந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் நிழலுக்கு உட்கார்ந்தால்தான் உண்டு, மற்றபடி அமைதியோ அமைதி. டிபன் கட்டிக்கொண்டு போகவும், குழந்தைகள் ஓடி விளையாடவும் இதை விட நல்ல இடம் இல்லை.

அத்தை மலையேறிய கதை

எங்கள் ஊருக்கு மறுபக்கம் சோளிங்கர். வைணவர்களின் 108 திவ்ய தேசத்தில் ஒன்று, ‘திருக்கடிகை’ என்று பழைய பெயர். கடிகை என்றால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிஷம். அவ்வளவு நேரம் இங்கே இருந்தாலே புண்ணியம் என்பார்கள். பெரிய மலையில் யோக நரசிம்மர், 1305 படி. எதிரே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர், 406 படி. கார்த்திகை மாசம் நரசிம்மர் கண் திறந்து பார்க்கிறார் என்பது ஐதீகம், அப்போது கூட்டம் தாங்காது. குரங்குத் தொல்லையும் உண்டு. கையில் பழமோ, பிளாஸ்டிக் பையோ தெரிந்தால் பிடுங்கிக் கொண்டு போய்விடும். அதனால்தான் கீழே பைக்குக் காவல் வைக்கும் பழக்கமே வந்திருக்கும் போல!

என் மாமியார் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வருஷா வருஷம் கார்த்திகையில் சோளிங்கர் போனவர். ஆனால் பெரிய மலை உச்சியை அவர் பார்த்ததே இல்லை. முதல் வருஷம் வயிற்றில் பிள்ளை. அப்புறம் இடுப்பில் பிள்ளை. அப்புறம் மாமியாருக்குத் துணை. அப்புறம் நாத்தனார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எல்லாக் கடமையும் முடிந்து ‘இனிமே ஏறலாம்’ என்று நினைத்தபோது முட்டி தேய்ந்துவிட்டது. கீழே மண்டபத்துத் தூணில் சாய்ந்தபடியே மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். யார் மேலும் குறை சொல்லவும் மாட்டார். வீட்டில் யாருக்கும் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

2024 மார்ச் மாசம் சோளிங்கரில் ரோப் கார் திறந்தார்கள். அந்த வருஷமே அவரை அழைத்துக்கொண்டு போனோம். ‘கயிறு அறுந்துட்டா?’ என்று ஏறும்வரை பயந்தார். மேலே போய் நரசிம்மரைச் சேவித்துவிட்டு வெளியே வந்து நின்றோம். ஜிலுஜிலு என்று காற்று. கீழே வயல், ஏரி, சின்ன மலை எல்லாம் பொம்மைக் கொலு மாதிரி தெரிந்தது. அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “இவ்ளோ வருஷமா வரேன். மேல இப்படிக் காத்து வரும்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையேம்மா.”

சாமியைப் பற்றி எல்லோரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பிரசாதம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். காற்றைக் கொண்டுவந்து கொடுக்க முடியுமா? அது ஏறிப் போனால்தானே கிடைக்கும்! அன்றைக்கே எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிட்டோம். பைக்குக் காவல் முறை வைத்துத்தான். இந்த மலைக்கு நீங்கள் என்றால், அடுத்த மலைக்கு நான். என் வீட்டுக்காரர் முதல் தடவை செருப்புக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்தபோது, தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். இப்போது பழகிவிட்டது. ‘இதுவும் ஒரு ரெஸ்ட்தான்’ என்கிறார்.

இந்தச் சோளிங்கரில்தான் 1781 செப்டம்பர் 27-ஆம் தேதி ஹைதர் அலி படைக்கும், சர் அயர் கூட் தலைமையில் வந்த ஆங்கிலேயர் படைக்கும் பெரிய சண்டை நடந்தது. மலையிலிருந்து கீழே பரந்து கிடக்கும் சமவெளியைக் காட்டி, ‘இங்கேதாண்டா குதிரைப் படையெல்லாம் வந்தது’ என்று சொன்னால் போதும். பையன்கள் அரை மணி நேரம் செல்போனைத் தேட மாட்டார்கள்.

ஒரு பெண் தனியாக வந்த ஊர்

திருத்தணிப் பக்கம் திருவாலங்காடு. சென்னை – அரக்கோணம் ரயில் பாதையில் ஸ்டேஷன் இருக்கிறது, அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். நடராஜருக்கு ஐந்து சபைகள் உண்டு என்பார்களே, அதில் ரத்தின சபை இங்கே. காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவம். ராஜேந்திர சோழனின் 31 ஏடு கொண்ட பெரிய செப்பேட்டுக் கட்டு 1905-இல் கிடைத்ததும் இந்த ஊரில்தான். சோழர் வம்சக் கதையை இன்றைக்குப் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்களே, அதற்கு இந்தச் செப்பேடு பெரிய ஆதாரம்.

ஆனால் நம்மைப் போன்றவர்கள் இங்கே பார்க்க வேண்டியது காரைக்கால் அம்மையாரை. புனிதவதி என்று பெயர், வியாபாரி வீட்டு மருமகள். மாம்பழக் கதை எல்லோருக்கும் தெரியும். புருஷன் பயந்துபோய் விலகிப் போன பிறகு, ‘எனக்கு இந்த அழகு வேண்டாம்’ என்று பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டவர். கயிலாயத்தைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையாலேயே நடந்து போனார் என்கிறது புராணம். அப்புறம் ஆலங்காட்டுக்கு வந்து ஆட்டத்தைப் பார்த்தபடி பாட்டு எழுதிக்கொண்டு இருந்துவிட்டார். அறுபத்து மூன்று நாயன்மாரில் பெண்கள் மூன்றே பேர், அதில் இவர் ஒருவர். மற்ற நாயன்மார்களெல்லாம் நிற்கும்போது இவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். காரைக்கால் எங்கே, ஆலங்காடு எங்கே! பஸ் இல்லை, ரயில் இல்லை. பெண்ணாகப் பிறந்தவள் வீட்டு வாசலைத் தாண்டலாமா என்று கேட்ட காலத்திலேயே ஒருத்தி இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். என் மகளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, ‘அவங்க பைய யாரும்மா பார்த்துக்கிட்டாங்க?’ என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மையாரிடம் பையே இல்லையடி கண்ணு!

வள்ளியின் மலையும் ராஜாவின் குகையும்

காட்பாடிப் பக்கம் போனால் பொன்னைக்கு அருகில் வள்ளிமலை. வள்ளி தினைப்புனத்துக்குக் காவல் இருந்தபோது முருகன் வந்து பேசிய மலை இது என்பார்கள். வள்ளியாவது பயிருக்குக் காவல் இருந்தாள், நாம் செருப்புக்குக் காவல் இருக்கிறோம். அதே மலையில் சமண முனிவர்கள் தங்கிய குகையும், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் இருக்கின்றன. கங்க நாட்டு ராஜா ராஜமல்லன் பெயர் அங்கே கல்வெட்டில் வருகிறது. சுமார் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய வேலை. ஒரே மலையில் முருகனும் தீர்த்தங்கரரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

மகேந்திரவாடி இன்னொரு நல்ல இடம். சோளிங்கர் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கிட்டத்தில்தான். (சோளிங்கர் ஊர் வேறு, ஸ்டேஷன் வேறு. ஊரில் இறங்கி ஸ்டேஷனைத் தேடாதீர்கள்!) மாமல்லபுரத்துக்குப் பஸ் பஸ்ஸாகப் போகிறோமே, அதற்கெல்லாம் முன்னோடி மகேந்திரவர்மப் பல்லவன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவன் குடைந்த குகைக் கோயில் இங்கே இருக்கிறது. மலை இல்லை, தனியாகக் கிடந்த ஒரே ஒரு பாறை. அதையே குடைந்து தூண் வைத்து, கர்ப்பக்கிருகம் வைத்து விஷ்ணுவுக்குக் கோயில் ஆக்கிவிட்டான். பக்கத்தில் ஏரி வெட்டி அதற்கும் தன் பெயரையே வைத்தான். கோயில், ஏரி, ஊர் மூன்றையும் கல்வெட்டு சேர்த்தே சொல்கிறது. கோயில் கட்டினால் போதாது, தண்ணீருக்கும் வழி பண்ண வேண்டும் என்று ராஜாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அரக்கோணம் பக்கம் தக்கோலம் போகலாம். 949-இல் ராஷ்டிரகூட ராஜா மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில் பராந்தக சோழனின் மூத்த மகன் ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே உயிர் விட்டது இங்கே. ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்று பின்னால் வந்தவர்கள் அவரைச் சொன்னார்கள். இன்றைக்கு அங்கே போனால் வயலும் பழைய ஜலநாதேசுவரர் கோயிலும்தான். சோழ நாட்டையே ஆட்டி வைத்த சண்டை நடந்த ஊர் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

நடக்கத் தெம்பு இருப்பவர்களுக்கு ஒரு இடம் சொல்கிறேன். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பூண்டிக்கு அருகில் குடியம் குகை. கல்லும் முள்ளுமான காட்டுப் பாதையில் சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். திடீரென்று செம்பாறை கூரை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆதி மனிதர்கள் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிய இடம். பக்கத்தில் அத்திரம்பாக்கம் என்ற கிராமம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரரும் அவரோடு வந்தவரும் கல் ஆயுதங்களைக் கண்டெடுத்தது அங்கேதான். அங்கே கிடைத்த கைக்கோடரிகளுக்குக் குறைந்தது 15 லட்சம் வருஷம் வயது என்று 2011-இல் ஆராய்ச்சி செய்து சொன்னார்கள். நம் அம்மிக்கல்லுக்கெல்லாம் கொள்ளுப்பாட்டிக்குக் கொள்ளுப்பாட்டி! பூண்டியில் இதற்கென்றே அரசு அகழ் வைப்பகம் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு, ஏரிக்கரையில் சாப்பிட்டால் பொழுது போவதே தெரியாது. குடியத்துக்கு மட்டும் தனியாகப் போகாதீர்கள். நாலைந்து குடும்பமாக, ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்து, வனத்துறையிலும் விசாரித்துக்கொண்டு போங்கள். வெயில் காலம் கூடவே கூடாது.

பெண்கள் கவனிக்க வேண்டியவை

போகிற தேதியை யார் குறிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆண்கள் காலண்டரைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்துவிடுவார்கள். நமக்கு அந்த மூன்று நாள் வந்துவிட்டால், வாய் விட்டுச் சொல்லவும் முடியாமல், கோயிலுக்குள் போகவும் முடியாமல் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். வயசுக்கு வந்த பெண் பிள்ளை இருந்தால் அவளுக்கும் அதே கதி. அதனால் தேதியை நாம்தான் குறிக்க வேண்டும். காரணம் சொல்லக் கூட வேண்டாம், ‘அந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம்’ என்றால் போதும்.

அடுத்தது பாத்ரூம் பிரச்னை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாமல் முடியாது. மலையடிவாரத்தில் சுத்தமான கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் ஏறும் பெண்கள் எத்தனை பேர்! அப்புறம் தலை சுற்றல், நீர்க்கடுப்பு என்று ஒரு வாரம் படுக்கை. தண்ணீரைக் கண்டிப்பாகக் குடியுங்கள். வழியில் பஸ் ஸ்டாண்டு, பெட்ரோல் பங்க் எதையும் விடாமல் போய்விட்டு வாருங்கள். வண்டியை நிறுத்தச் சொல்ல வெட்கம் எதற்கு? டீக்கு மட்டும் நாலு இடத்தில் நிறுத்துகிறார்களே!

சாப்பாட்டை எளிமையாக வையுங்கள். ஊர் சுற்றும் நாளில் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து புளிசாதம், தயிர்சாதம், வடை, உருளைக்கிழங்கு வறுவல் என்று நாலு தினுசு செய்துவிட்டுப் புறப்பட்டால், மலையடிவாரத்துக்குப் போகும்போதே உடம்பு அலுத்துவிடும். மிளகாய்ப் பொடி எண்ணெய் தடவிய இட்லியும், ஒரு தூக்கு எலுமிச்சை சாதமும் தாராளம். பாத்திரத்தை அவரவர் கழுவிக்கொள்ளட்டும். பை இளைத்தால் காவலும் வேண்டாம், தோளில் மாட்டிக்கொண்டே ஏறலாம்.

செலவு பெரிதாக ஆகாது. 2021 மே மாசம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்த பிறகு, எங்கள் தெருவில் ஐந்தாறு பேர் சேர்ந்து திருத்தணி வரை போய் நந்தி ஆற்றங்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு மத்தியானச் சமையலுக்குள் திரும்பிவிட்டோம். மாசி வரைதான் இதற்கெல்லாம் நல்ல காலம். பங்குனி, சித்திரையில் கல் கொதிக்கும். பெரும்பாலான கோயில்களில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லுக்கும் வலிக்கும்

பழைய இடங்களுக்குப் போனால் ஒன்றைப் பார்த்து வயிறு எரியும். பாறையில் ஹார்ட்டின் படம் போட்டு, அம்பு விட்டு, இரண்டு பெயரைக் கீறி வைத்திருப்பார்கள். ஆயிரம் வருஷமாக வெயில் மழை தாங்கிய கல்லை ஆணியால் கீறினால் அது மறுபடி ஆறுமா? மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களைச் சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டமே இருக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

நாமும் கவனிக்க வேண்டும். பக்தியில் சிலை இருக்கும் இடமெல்லாம் எண்ணெய் தடவி, மஞ்சள் குங்குமம் அப்பி, கல்வெட்டு இருக்கும் சுவர் ஓரத்திலேயே அகல் வைத்துவிட்டு வருகிறோம். அந்த எண்ணெயில் தூசி ஒட்டி, புகை படிந்து, எழுத்தே தெரியாமல் போய்விடுகிறது. விளக்கு ஏற்ற வைத்திருக்கும் இடத்தில் ஏற்றினால் சாமி ஏற்றுக்கொள்ள மாட்டாரா?

ஊராட்சி, நகராட்சியில் இருப்பவர்களுக்கும், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் பெண்கள் சார்பில் மூன்று விண்ணப்பம். பழைய கோயில் வாசலில் இது யார் கட்டியது, எப்போது என்று தமிழிலும் தெலுங்கிலும் நாலு வரி எழுதிய பலகை வேண்டும். அடிவாரத்தில் தாழ்ப்பாள் சரியாக விழும், தண்ணீர் வரும் கழிப்பறை ஒன்று வேண்டும். பையையும் செருப்பையும் வாங்கி வைத்து டோக்கன் கொடுக்க ஓர் அறை எல்லா இடத்திலும் வேண்டும். இந்த மூன்றாவது விண்ணப்பம் பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் அது நடந்தால் ஆயிரக்கணக்கான மருமகள்கள் மலை ஏறுவார்கள்.

பலகையும் கழிப்பறையும் வருகிறபோது வரட்டும். முட்டி நம் பேச்சைக் கேட்கிற வயசிலேயே ஏறிவிட வேண்டும் சகோதரிகளே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்ப் பக்கம் எந்த மலை, எந்தப் பழைய கோயில் என்று விசாரித்து வையுங்கள். அடிவாரத்தில் ‘யார் பையைப் பார்த்துக்கறது?’ என்ற கேள்வி வரும்போது, பதில் சொல்லாமல் ஒரு நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். யாராவது ஒருவர் கை நீட்டுவார்.

- ஒரு வாசகி, கே.ஜி.கண்டிகை